உரியவர்க்கு உரிய சொல்



ஆங்கிலம் கற்கும் நம்மவர், அம்மொழியில் வேண்டுகோள் விடுக்கவும் முறையிடவும் விரைவில் பழகிவிடுகின்றனர். விடுப்பு விண்ணப்பம் எழுதத் தெரியாத பள்ளி மாணவன் அரியன். ஆனால், ஒருவர் செய்த நற்செயலை எடுத்துக் கூறி, அது அவருடையதே என்று நிலைநாட்டும் கடிதம் ஒன்றை எழுதுமாறு கேட்டால், பட்டம் பெற்றவரும் எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகின்றனர். ஈற்றில் அவர்கள் எழுதுவது பெரும்பாலும் 'அப்ரிஷியேட்' என்னும் ஒரே சொல்லாகவே இருக்கும். உதவிக்கும் அப்ரிஷியேட், தேர்வில் வெற்றிக்கும் அப்ரிஷியேட், புதிய பொருளொன்றைச் செய்தவருக்கும் அதுவே, பணியிலிருந்து ஓய்வு பெறுபவருக்கும் அதுவே.

இதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் 'பாராட்டு' என்னும் சொல் மிகப் பரந்தது. புகழ்தல், வாழ்த்துதல், மதித்தல், ஒருவரின் உழைப்பை ஒப்புக்கொள்ளுதல் ஆகிய யாவும் அதன் நிழலில் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலமோ இவ்விடத்தில் வரப்புகள் பல போட்டுத் தனித்தனிப் பாத்திகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. வரப்பு எங்கே இருக்கிறது என்று அறியாமல் நடப்பவர் ஒரு பாத்தியில் விதைக்க வேண்டியதை வேறொரு பாத்தியில் விதைத்துவிடுவார். அதனால் இலக்கணப் பிழை நேராது. ஆனால் ஒரு மனிதருக்கு உரியது அவரைச் சேராமற் போய்விடக்கூடும். ஆதலின் இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

ஒருவர் நல்லதொரு செயலைச் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதைக் குறித்து நாம் நான்கு வினாக்களை எழுப்பலாம். இதைச் செய்தவர் யார்? அவர் செய்தார் என்பதை நான் அறிந்து ஒப்புக்கொள்கிறேனா? அச்செயலின் மதிப்பு எவ்வளவு? அதைக் கண்டு என் உள்ளம் என்ன உணர்கிறது? முதல் வினாவிற்கு விடை தரும் ஆங்கிலச் சொல் 'கிரெடிட்'. இரண்டாவதற்கு 'அக்னாலெட்ஜ்', 'ரெகக்னைஸ்'. மூன்றாவதற்கு 'அப்ரிஷியேட்', 'பிரெய்ஸ்'. நான்காவதற்கு 'தேங்க்', 'கங்கிராஜுலேட்'. இந்த நான்கு அறைகளையும் மனத்தில் அமைத்துக்கொண்டால், பிற சொற்கள் தாமே தத்தம் இடத்தில் வந்து அமர்ந்துவிடும்.

முதலில் 'கிரெடிட்' என்பதைக் காண்போம். நம்புதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்று பிறந்த சொல் இது. நம்பிக் கொடுப்பதால் கடனுக்கும் அப்பெயர் ஆயிற்று. கணக்குப் புத்தகத்தில் பற்றுக்கு எதிர்ப்பக்கமாகிய வரவுக்கும் அதுவே பெயர். நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஒரு தொகையை ஒருவர் பெயரில் 'வரவு வைத்தல்' என்று சொல்வார்கள் அன்றோ? ஆங்கிலேயர் 'கிவ் கிரெடிட்' என்று கூறுவதும் அதுவே. செய்த செயலைச் செய்தவர் கணக்கில் வரவு வைத்தல். இதில் புகழ்ச்சி கட்டாயமில்லை. வங்கியில் ஆயிரம் ரூபாய் செலுத்தினால், எழுத்தர் நம்மைப் புகழ வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதில்லை. தொகை சரியான பெயரில், சரியான அளவில் பதியப்பட வேண்டும் என்றே எதிர்பார்க்கிறோம். திரைப்படத்தில் ஒளிப்பதிவு செய்தவர், தையல் செய்தவர், ஒப்பனை செய்தவர் என்று ஓடும் பெயர்ப்பட்டியலுக்குக் 'கிரெடிட்ஸ்' என்று பெயர். அங்கே எவரையும் புகழ்ந்து ஒரு சொல்லும் இராது. பெயரும் தொழிலும் மட்டுமே இருக்கும். ஆயினும் அத்தொழிலில் வாழ்பவர்க்கு அந்த ஒற்றை வரி எத்துணை முக்கியமானது என்பதை நாம் அறிவோம்.

இச்சொல்லை வாக்கியத்தில் ஆளும் முறையையும் கவனிக்க வேண்டும். ஆளுக்கு முன் 'டு', செயலுக்கு முன் 'ஃபார்': 'கிவ் கிரெடிட் டு முருகன் ஃபார் தி டிசைன்'. அதையே வினைச்சொல்லாக ஆண்டால் ஆள் முதலில் வந்து, செயலுக்கு முன் 'வித்' வரும்: 'வீ கிரெடிட் முருகன் வித் தி டிசைன்'. மற்றொருவர் செயலைத் தன் கணக்கில் எழுதிக்கொள்பவனைக் குறிக்க 'டேக் தி கிரெடிட்' என்பர். 'டு ஹிஸ் கிரெடிட்' என்ற தொடரோ, ஒருவரின் பிற குறைகள் எவ்வாறிருப்பினும் இது அவர் பக்கத்தில் எழுதத்தக்க நன்மை என்று நடுநிலையோடு சொல்லும் தொடராகும்.

பிறர்க்கு உரியதைத் தமதாக்கிக் கொள்வதைக் கண்டிக்கவும் ஆங்கிலத்தில் வலிய சொற்கள் உண்டு. 'பிளேஜியரிசம்' என்பது அவற்றுள் ஒன்று. அதன் மூலமாகிய இலத்தீன் சொல்லுக்கு ஆட்களைக் கடத்திச் செல்பவன் என்பது பொருள். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த மார்ஷல் என்னும் கவிஞர், தம் செய்யுட்களைத் தம்முடையவை என்று படித்துக் காட்டிய ஒருவனை அப்பெயரால் இகழ்ந்தார். தம் பாடல்களைத் தாம் விடுதலை செய்த அடிமைகளாகக் கருதியதால், அவற்றைக் கவர்ந்தவன் அவருக்கு ஆள் பிடிப்பவனாகத் தோன்றினான் போலும். 'ஒருவரின் இடியைத் திருடுதல்' என்று பொருள்படும் 'ஸ்டீல் சம்வன்ஸ் தண்டர்' என்ற தொடருக்கும் ஒரு கதை கூறப்படுகிறது. 1709இல் இலண்டனில் ஜான் டென்னிஸ் என்பவர் தம் நாடகத்திற்காக மேடையில் இடியோசை எழுப்பும் புதிய முறை ஒன்றை அமைத்தார். நாடகம் வெற்றி பெறவில்லை. சின்னாட்களுக்குப் பின் அதே அரங்கில் வேறொரு நாடகத்திற்குச் சென்றவர், தம் இடி அங்கே முழங்கக் கேட்டுச் சினந்தாராம். அவருடைய நாடகத்தை இன்று நினைப்பவர் சிலரே; அவர் இடிமட்டும் மொழியில் நிலைத்துவிட்டது.

அடுத்து 'அக்னாலெட்ஜ்'. இச்சொல்லின் உள்ளே 'நோ' என்னும் அறிதல் வினை பொதிந்துள்ளது. நான் அறிவேன் என்று வெளிப்பட ஒப்புக்கொள்ளுதலே இதன் கருத்து. பதிவு அஞ்சலோடு இணைத்து அனுப்பப்பட்டு வந்த ஒப்புகை அட்டையை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'அக்னாலெட்ஜ்மெண்ட்' என்றே பெயர். கடிதம் கைக்கு வந்தது என்பதை அது உறுதிப்படுத்தும். கடிதத்தில் எழுதியிருப்பது நன்றா தீதா என்று அது கூறாது. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும், கடனை ஒப்புக்கொள்வதற்கும், நூலின் முகப்பில் உதவியவர்களைக் குறிப்பிடுவதற்கும் இச்சொல் ஒன்றே பயன்படுகிறது. இதனால் ஒன்று தெளிவாகிறது. உதவியை ஒப்புக்கொள்வது இன்சொல் வழங்குவதன்று. கடன்பட்டிருப்பதை மறையாமற் கூறுவது.

இவ்விடத்தில் நம் மொழியின் பழைய வழக்கொன்று நினைவிற்கு வருகிறது. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்திற்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். பண்டைத் தமிழில் 'நன்றி' என்பது நாம் இன்று வாயாற் கூறும் உபசாரச் சொல் அன்று. பிறர் செய்த நன்மையே நன்றி. அந்நன்மையை 'அறிதல்' நம் கடமை. ஆங்கிலச் சொல்லுள்ளும் அறிதல் இருக்கிறது. தமிழ்த் தொடருள்ளும் அறிதல் இருக்கிறது. எனவே, 'அக்னாலெட்ஜ்' என்பதைக் கற்பிக்கும்போது, அகராதியைப் புரட்டுவதற்கு முன் இந்தத் தொடரை நினைவூட்டினால், மாணவன் அச்சொல்லின் உட்கருத்தை உடனே பற்றிக்கொள்வான்.

'ரெகக்னைஸ்' என்பது இதற்கு அண்டை வீடு. மீண்டும் அறிதல் என்பது அதன் இலத்தீன் மூலப் பொருள். கூட்டத்தில் பழைய நண்பரை அடையாளம் கண்டுகொள்வதும் 'ரெகக்னைஸ்'. அரசு ஒரு பள்ளிக்கு அங்கீகாரம் வழங்குவதும் 'ரெகக்னைஸ்'. ஒருவரின் தகுதியைக் கண்டறிந்து, அதற்குரிய இடத்தை அவருக்கு அளிக்கும்போது இவ்விரு பொருளும் ஒன்று சேர்கின்றன. இதற்குக் கணித மேதை இராமானுசன் வரலாற்றைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராக இருந்த அவர், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் கணித அறிஞருக்குத் தம் தேற்றங்களை எழுதி அனுப்பினார். பெயர் அறியாத ஒருவர் எழுதிய அந்தத் தாள்களில் இருந்த பெருமையை ஹார்டி கண்டுகொண்டார். 1914இல் இராமானுசன் கடல் கடந்தார். 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். பிற்காலத்தில் ஹார்டி அவரைப் பற்றிப் பேசியபோது, இராமானுசனை நான் உருவாக்கவில்லை, அவர் தம்மைத் தாமே உருவாக்கிக் கொண்டவர் என்ற கருத்தையே கூறினார். கண்டறிந்த பெருமையைத் தமக்கு வைத்துக்கொண்டார். உருவாக்கிய பெருமையை உரியவருக்கே விட்டுவிட்டார். 'ரெகக்னைஸ்' என்பதற்கும் 'கிரெடிட்' என்பதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு செய்தியிலேயே அடங்கியிருக்கிறது.

இனி, நம்மவரின் செல்லச் சொல்லாகிய 'அப்ரிஷியேட்'. விலை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று இது வந்தது. விலையைக் குறிக்கும் 'பிரைஸ்', பரிசைக் குறிக்கும் 'பிரைஸ்', புகழைக் குறிக்கும் 'பிரெய்ஸ்' ஆகிய மூன்றும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. நாமும் 'மதிப்பு' என்னும் ஒரே சொல்லால் பொருளின் விலையையும் மனிதரின் பெருமையையும் குறிக்கிறோம். நிலத்தின் விலை ஏறினால் அதையும் ஆங்கிலத்தில் 'அப்ரிஷியேட்' என்றே சொல்வார்கள். ஆகவே, ஒன்றன் மதிப்பை உணர்தல் என்பதே இச்சொல்லின் பொருள். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மேலதிகாரி ஒருவர், 'ஐ அப்ரிஷியேட் யுவர் டிஃபிகல்ட்டி' என்று எழுதினால் நம் இடர்ப்பாட்டைப் பாராட்டுகிறார் என்று கொள்ளலாகாது. அதை உணர்கிறேன் என்பதே அதன் கருத்து. பெரும்பாலும் அதை அடுத்து ஓர் 'ஆனால்' வந்து, கேட்டது மறுக்கப்பட்டிருக்கும். இவ்வாறே 'ஐ உட் அப்ரிஷியேட் இட்' என்று தொடங்கினால் அது பாராட்டன்று. பணிவான உடையணிந்து வரும் வேண்டுகோள்.

'அப்ரிஷியேட்' உள்ளத்தில் நிகழ்வது. 'பிரெய்ஸ்' வாயினால் வெளிப்படுவது. மௌனமாக இருந்துகொண்டே ஒருவரை அப்ரிஷியேட் செய்யலாம். மௌனமாகப் பிரெய்ஸ் செய்ய இயலாது. 'கமெண்ட்' என்பது பொறுப்புள்ளவர் முறைப்படி வழங்கும் பாராட்டு. கருத்துரை என்னும் பொருளுடைய 'காமெண்ட்' வேறு. முன்னதில் அழுத்தம் பின்னசையில் விழும், ஈற்றெழுத்து 'டி'; பின்னதில் அழுத்தம் முன்னசையில் விழும், ஈற்றில் 'டி'க்கு மாறாகத் தேநீரின் 'டீ' என்று நாம் ஒலிக்கும் எழுத்து நிற்கும். மேலிருந்து கீழ்நோக்கி வருவதே 'கமெண்ட்' என்னும் சொல்லின் இயல்பாதலால், இளையவர் தம் தலைவருக்கு எழுதும் கடிதத்தில் அது பொருந்தி அமைவதில்லை.

இத்துணையும் சொற்பொருள் விளக்கம். இவ்வேறுபாடுகளால் விளையும் பயன் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். அறிவியற்கூடத்தில் உதவியாளர் ஒருவர் இருந்தார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர், கைத்திறன் மிக்கவர். பழைய மிதிவண்டிச் சக்கரத்தையும் சில தகரக் குவளைகளையும் கொண்டு, கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்றத்தின் மாதிரி ஒன்றைத் தாமே எண்ணிச் செய்தார். மாவட்டக் கண்காட்சியில் அது பரிசு பெற்றது. பள்ளியின் ஆண்டறிக்கை ஆங்கிலத்தில் அச்சாயிற்று. அதில் அந்த மாதிரி, இன்னார் 'அண்டர் தி ஏபிள் கைடன்ஸ்' ஆயத்தமாயிற்று என்று இருந்தது. 'இன்னாரின் திறமிக்க வழிகாட்டுதலின்கீழ்' என்னும் அத்தொடரில் ஓர் ஆசிரியரின் பெயர் இருந்தது. மற்றொரு பக்கத்தில், அலுவலர்களைப் பற்றிய பகுதியில், அவ்வுதவியாளர் 'சின்சியர் அண்ட் ஹார்ட் ஒர்க்கிங்', அதாவது நேர்மையும் உழைப்பும் உடையவர் என்று பாராட்டப்பெற்றிருந்தார்.

அவர் அறிக்கையை என்னிடம் கொண்டுவந்து, "ஐயா, என்னைப்பற்றி என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். நான் இரு பகுதிகளையும் தமிழில் படித்துக் காட்டினேன். "நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஐயா. அந்த ஏற்றத்தை நான் செய்தேன் என்று எந்த இடத்தில் இருக்கிறது?" என்றார். எந்த இடத்திலும் இல்லை. அறிக்கை அதற்குள் அச்சாகி ஊரெங்கும் சென்றுவிட்டது. அதன்பின் அவர் எவரும் கேளாமல் எதையும் புதிதாகச் செய்ததாக நான் அறியேன்.

அந்த அறிக்கையில் அவரைப் பற்றிய சொல் ஒன்றேனும் தீயதன்று. பாராட்டும் குறைவின்றி இருந்தது. குறைந்தது வரவு. அவருக்குப் 'பிரெய்ஸ்' கிடைத்தது; 'கிரெடிட்' மற்றொருவர் கணக்கில் ஏறிவிட்டது. புகழ்வதால் புகழ்பவருக்குச் செலவு ஒன்றுமில்லை. வரவு வைப்பதற்கோ, தம்மிடம் வந்து தங்கிவிட்ட பெருமையை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் உலகில் முன்னது தாராளமாகவும் பின்னது அரிதாகவும் கிடைக்கிறது. ஆங்கிலச் சொற்களைக் கற்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டையே.

சிறிய பள்ளியில் நேர்ந்தது அறிவியல் உலகின் மேன்மாடத்திலும் நேர்ந்திருக்கிறது. உயிர்களின் மரபுப் பண்புகளைச் சுமக்கும் டி.என்.ஏ. என்னும் பொருளின் அமைப்பை வாட்சன், கிரிக் என்னும் இருவர் 1953 ஏப்ரல் 25ஆம் நாள் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். அவர்கள் அம்முடிவிற்கு வரப் பெரிதும் துணைநின்றவை, இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் என்னும் பெண்மணி எக்ஸ் கதிர்களைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவுகள். 1952 மே மாதத்தில், அவர் மேற்பார்வையில் அவருடைய மாணவர் எடுத்த படம் ஒன்று, அவர் அறியாமலேயே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. அவர் கண்ட அளவுகள் அடங்கிய அறிக்கையும் வேறு வழியில் கேம்பிரிட்ஜை அடைந்தது. கட்டுரையின் இறுதியில் இதற்கு இடம்பெற்ற ஒப்புகையோ, வில்கின்ஸ், ஃபிராங்க்ளின் முதலியோரின் வெளியிடப்படாத முடிவுகளைப் பற்றிய பொதுவான அறிவினால் தாங்கள் தூண்டப்பெற்றதாகக் கூறியது. 'ஸ்டிமுலேட்டட்' என்பதே அங்கே அமைந்த சொல். தூண்டப்பெற்றோம் என்பது வேறு. அவர் அளந்து கண்டவற்றைப் பயன்கொண்டோம் என்பது வேறு. ஃபிராங்க்ளினின் சொந்தக் கட்டுரையும் அதே இதழில் வெளிவந்தது. ஆனால் வந்த வரிசையைப் பார்த்தவர்க்கு, பிறர் கண்டதை உறுதிப்படுத்தும் கட்டுரையாகவே அது தோன்றிற்று. 1958இல் தம் 37ஆம் அகவையில் அவர் காலமானார். 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் ஆகிய மூவர்க்கும் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. அவருடைய பங்கு எத்துணைப் பெரியது என்பது உலகிற்குப் பரவலாகத் தெரிவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. ஒப்புகை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு வினைச்சொல் மெலிந்திருந்தது.

ஆகையால், ஆங்கிலத்தில் ஒருவருக்குரிய பங்கைக் குறிக்கும்போது வினைச்சொல்லை நிறுத்துப் பார்த்து எழுத வேண்டும். 'ஹெல்ப்ட்', உதவினார். 'கான்ட்ரிபியூட்டட்', தம் பங்கை அளித்தார். 'சஜெஸ்டட்', யோசனை கூறினார். 'டிசைன்ட்', வடிவமைத்தார். 'மேட்', செய்தார். 'லெட்', முன்னின்று நடத்தினார். முழுவதையும் செய்தவரை 'ஹெல்ப்ட்' என்று குறிப்பது ஆயிரம் ரூபாய்க்கு நூறு ரூபாய் வரவு எழுதுவதை ஒக்கும். ஓரமாக நின்றவரை 'லெட்' என்று குறிப்பது இல்லாத தொகைக்குச் சீட்டு எழுதுவதை ஒக்கும். இரண்டும் கணக்குப் பிழைகளே.

மற்றோர் இடத்திலும் விழிப்பு வேண்டும். 'செய்யப்பட்டது' என்று முடியும் செயப்பாட்டு வினை ஆங்கில அலுவலகக் கடிதங்களில் பெருவழக்கு. கிணறு தோண்டப்பட்டது, அறிக்கை ஆயத்தம் செய்யப்பட்டது, பிழை கண்டுபிடிக்கப்பட்டது என்றெல்லாம் எழுதி நிறுத்திவிடலாம். இலக்கணம் குறை சொல்லாது. ஆனால் செய்தவர் மறைந்துவிடுவார். ஆங்கிலத்தில் 'பை' என்றொரு சிற்றிடைச்சொல் உண்டு. 'ஆல்' என்னும் நம் மூன்றாம் வேற்றுமை உருபின் வேலையை அது செய்யும். அதன்பின் ஒரு பெயரை எழுதிவிட்டால் மறைந்தவர் வெளிப்பட்டுவிடுவார். இரண்டு எழுத்தாலாகிய அச்சொல்லின் பயனை என் மாணாக்கர்களுக்கு நான் பலகாலும் வற்புறுத்தியதுண்டு.

உரியதை உரியவர்க்கு அளிப்பதில் பெருந்தன்மை காட்டிய வரலாறும் அறிவியலில் உண்டு. ஆல்ஃபிரட் வாலஸ் என்னும் இயற்கை ஆய்வாளர், இந்தோனேசியத் தீவுகளில் தங்கியிருந்தபோது, உயிரினங்கள் மாறுவதற்கான காரணத்தை ஆராய்ந்து, 1858இல் டார்வினுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். டார்வின் நீண்ட காலமாகத் தாம் எண்ணி எழுதி வைத்திருந்த கருத்தே அதிலும் இருந்தது. நண்பர்கள் செய்த ஏற்பாட்டினால், 1858 ஜூலை 1ஆம் நாள் இலண்டன் லின்னேயன் கழகத்தில் இருவர் எழுத்துக்களும் ஒன்றாகவே படிக்கப்பெற்றன. தொலைவில் இருந்த வாலஸ் பின்னரே இதனை அறிந்தார், அறிந்தபின் குறைகூறவில்லை. 1889இல் அக்கொள்கையை விளக்கித் தாம் எழுதிய நூலுக்கு 'டார்வினிசம்' என்று மற்றவர் பெயரையே சூட்டினார். பல்லாண்டு உழைத்துச் சான்று திரட்டியவர் டார்வின் என்பதை அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அதனால் வாலஸ் பெயர் மறைந்துவிடவில்லை. இன்றும் இருவர் பெயரையும் சேர்த்தே அறிவுடையோர் கூறுகின்றனர்.

எஞ்சிய சொற்கள் சிலவற்றை விரைந்து காண்போம். 'டிரிப்யூட்' என்பது பண்டை உரோமர்க்குச் செலுத்தப்பட்ட திறையின் பெயர். அதனால்தான் இன்றும் அதனோடு செலுத்துதல் என்னும் பொருளுடைய 'பே' என்ற வினை வருகிறது. பெரியோர்க்கும் மறைந்தோர்க்கும் செலுத்தும் புகழஞ்சலிக்கே அது ஏற்றது. தேர்வில் தேறிய சிறுவனுக்கு 'டிரிப்யூட்' செலுத்தினால் கேட்பவர் திடுக்கிடுவர். இதன் உறவினர் இருவர். பங்களித்தலைக் குறிக்கும் 'கான்ட்ரிபியூட்', இன்னாருடையது என்று சார்த்திக் கூறுதலைக் குறிக்கும் 'அட்ரிபியூட்'. ஒருவர் பங்களிக்கிறார்; நாம் அதை அவர்க்குரியதெனச் சார்த்துகிறோம்; காலம் கழிந்தபின் உலகம் அஞ்சலி செலுத்துகிறது. மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை நினைவிற் கொண்டால் மூன்றும் மறவா.

'கங்கிராஜுலேட்' என்பது ஒருவரின் வெற்றியிலோ நற்பேற்றிலோ நாமும் கூடி மகிழ்தல். அதன்பின் 'ஆன்' வருவது நன்று. நமக்கு உதவி செய்தவரிடம் இச்சொல்லைக் கூறலாகாது. அவருக்கு உரியது 'தேங்க்'. நினைத்தலைக் குறிக்கும் 'திங்க்' என்பதும் 'தேங்க்' என்பதும் ஒரே மூலத்தன. பெற்ற உதவியை நினைத்திருத்தலே நன்றி கூறுதலின் தொடக்கம் என்பதை இது காட்டுகிறது. 'ஃபெலிசிடேட்' என்பது நம் நாட்டில் பொன்னாடையோடும் மாலையோடும் நடைபெறும் பாராட்டு விழாவிற்குரிய சொல்லாகிவிட்டது. ஆங்கிலேயரின் அன்றாடப் பேச்சில் அது அரிதாகவே வரும். 'காம்ப்ளிமெண்ட்' என்பது நேரிற் கூறும் சிறிய இன்சொல். அதே ஒலியுடைய மற்றொரு சொல்லுக்கு நிறைவு செய்வது என்று பொருள். இன்சொல்லுக்கு நடுவில் 'ஐ', நிறைவுக்கு நடுவில் 'இ' என்று எழுத்துக்கூட்டி நினைவிற் கொள்க. புகழ்வதுபோல் இகழ்வதை நம் இலக்கணத்தார் வஞ்சப்புகழ்ச்சி என்றனர். ஆங்கிலத்தில் புறங்கையால் கொடுத்த 'காம்ப்ளிமெண்ட்' என்பர். பயன் கருதிப் புகழ்வது 'ஃபிளாட்டரி', அஃதாவது முகத்துதி.

இம்முகத்துதியைப் பற்றிய அச்சம் நம்மவரிடையே பெரிது. ஒருவரை நேரிற் புகழ்வது நாகரிகமன்று என்று எண்ணி வாய்மூடி இருப்பவர் பலர். அவ்வெண்ணத்தை நான் குறைகூறேன். ஆனால் மேற்கூறிய அறைகளை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். இன்ன செயலை இன்னார் செய்தார் என்பது புகழ்ச்சியன்று, உண்மை. அதைக் கூறுவதற்கு நாணவேண்டியதில்லை. கேட்பவர் கூசவேண்டியதும் இல்லை. புகழத் தயங்குபவரும் வரவு வைக்கத் தயங்கலாகாது.

ஆசிரியர்களும் தாமே கற்பவர்களும் பின்பற்றத்தக்க பயிற்சி ஒன்றைக் கூறி முடிக்கிறேன். ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதுக. அவ்வாக்கியத்தில் மூன்று உறுப்புகள் இருத்தல் வேண்டும்: ஒருவரின் பெயர், அவர் பங்கை உள்ளவாறு காட்டும் வினைச்சொல், அவர் செய்த செயல். தெருவிளக்கைப் பழுது பார்த்தவர், வகுப்பில் கடினமான கணக்கிற்குப் புதுவழி கண்ட மாணவி, அலுவலகத்தில் கணக்குப் பிழையைக் கண்டறிந்த எழுத்தர் என்று எடுத்துக்காட்டுக்கு உரியவர் நாள்தோறும் நம் கண்முன் இருக்கின்றனர். அடைமொழிகளை அப்பொழுது சேர்க்க வேண்டா. 'வெரி', 'கிரேட்', 'எக்ஸலண்ட்' முதலியவற்றை விலக்கி வைக்க. ஒரு திங்கள் இவ்வாறு எழுதியபின், அதே வாக்கியங்களுக்கு அருகில் அச்செயலின் மதிப்பைக் கூறும் இரண்டாம் வாக்கியத்தை எழுதுக. அதன்பின் உங்கள் உணர்ச்சியைக் கூறும் மூன்றாம் வாக்கியத்தை எழுதுக. முதலில் வரவு, பின்னர் மதிப்பு, பின்னர் நன்றி அல்லது வாழ்த்து என்னும் இவ்வரிசையில் எழுதப் பழகியவர், நற்சான்றிதழோ அலுவலக மின்னஞ்சலோ வரவேற்புரையோ எதை எழுத நேர்ந்தாலும் சொல்லுக்குத் தடுமாறமாட்டார்.

எழுதி முடித்தபின் ஒரு சோதனையும் உண்டு. புகழ்ச்சிச் சொற்கள் அனைத்தையும் மனத்தால் அடித்துவிட்டு, மீதியைப் படித்துப் பார்க்க. செய்தவர் பெயரும் செய்த செயலும் அங்கே எஞ்சி நின்றால் அது நல்ல கடிதம். ஒன்றும் எஞ்சவில்லையெனில், மையை மீண்டும் தொட்டுக்கொண்டு அவர் பெயரை முதல் வரியில் எழுதித் தொடங்குக.